செத்துப்போச்சு என்று சொன்னேன்

உயிரோடு இருந்த கேம் பாய் கருவியைச் செத்துப்போச்சு என்று சொன்னேன். சொந்தக்காரர் நம்பினார். உள்ளே இருந்த போர்டை உருவி எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் வேறொரு குட்டிக் கணினியை வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கினேன். இதை ஒருவருக்கு மட்டும் செய்யவில்லை. தெரியாமலும் செய்யவில்லை. அந்தக் கருவிகளில் என்ன கோளாறு, சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது திறந்து பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிடும். புரிந்தும் வேறு மாதிரி சொன்னேன். யாரிடமெல்லாம் அப்படிச் சொன்னேனோ அவர்களில் பெரும்பாலோரை இனி என்னால் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்த பையன்களுக்கு வீடியோ கேம் என்றால் டிவி கேம்தான். பர்மா பஜாரிலோ பஸ் ஸ்டாண்ட் ஃபேன்ஸி ஸ்டோரிலோ வாங்கிய பெட்டி. ஜப்பானில் 1983இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்! கார்ட்ரிட்ஜைக் கேசட் என்போம். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதிவிட்டுத் திரும்பச் சொருகுவோம். எங்கள் வீட்டுப் பெட்டி ஒரு கோடை விடுமுறையில் புகைந்து நின்றபோது, அப்பா திட்டுவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளங்கை அளவு போர்டு. நடுவில் கறுப்பாக ஒரு சொட்டுப் பிசின். அசல் ஃபேமிகாமில் தனித்தனியாக இருந்த மூளைச் சிப்பும் படம் வரையும் சிப்பும் நகலில் ஒரே சிலிக்கான் துண்டாகி அந்தப் பிசினுக்கு அடியில் போயிருந்தன. அதில் பழுது பார்க்க எதுவுமே இல்லை. போனால் போனதுதான்.

கேம் பாய் வேறு ரகம். எங்கள் தெருவுக்கு அது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த யாராவது ஒருவருடைய பெட்டிக்குள் மட்டும்தான் வரும். கையில் பிடித்து ஆடும் அந்தக் கருவியை நின்டெண்டோ 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். புதிதாக வந்து விலை எகிறி நிற்கும் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓட வேண்டாம், எல்லாருக்கும் பழகி விலை இறங்கிவிட்டதை எடுத்து யாரும் நினைக்காத விதத்தில் பயன்படுத்தலாம் என்பது அவருடைய கொள்கை. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் வண்ணத் திரை வைத்திருந்தன. ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய் திரையில் நான்கே சாயல்கள். அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144. பின்விளக்கு கிடையாது. ஆனால் நான்கு பென்சில் பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். வெயிலில் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வளைகுடாப் போரில் குண்டு விழுந்து எரிந்த படை முகாமிலிருந்து எடுத்த ஒரு கேம் பாய், முகப்பு பிளாஸ்டிக் உருகிக் கருகிய நிலையிலும் டெட்ரிஸ் ஆடியது. நியூயார்க்கில் நின்டெண்டோ கடையில் அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பல வருஷம் ஓடவிட்டிருந்தார்கள்.

அந்த வகைப் போர்டைப் பற்றித்தான் நான் செத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய கேம் கருவியைப் பிரித்து இன்னொன்றாகக் கட்டுவது கெட்ட தொழில் இல்லை. அதைச் சொல்லாமல் போனால் நல்லபடியாகச் செய்கிறவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். 1977இல் வந்த அட்டாரி 2600, டிவியோடு இணைத்து ஆட வேண்டிய பெட்டி. அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த பெஞ்சமின் ஹெக்கன்டார்ன் 2000ஆம் ஆண்டில் அதைக் கையில் பிடித்து ஆடும் கருவியாக மாற்றிக் காட்டினார். 2005இல் இந்த வேலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவரைப் பார்த்து ஒரு தலைமுறை கிளம்பியது. நின்டெண்டோ 64, கேம்கியூப், வீ என்று ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குக் கொண்டுவர முயன்றார்கள். வீ போர்டை அறுப்பதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். மூளைச் சிப், படச் சிப், நினைவகம் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை ரம்பத்தால் அறுத்தே எடுத்துவிடுகிறார்கள். போர்டுக்குள் அடுக்கடுக்காகச் செம்புத் தகடு ஓடுகிறது. அறுத்த ஓரத்தில் ஓர் அடுக்கு இன்னொன்றைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, திரும்பத் தேய்க்கிறார்கள். அறுந்துபோன மின்சார வழிகளுக்குப் பதிலாகத் தாங்களே புதுச் சர்க்யூட் கட்டித் தருகிறார்கள். கடைசியில் சாவிக் கொத்து அளவுக்கே ஒரு வீயைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த வேலையில் ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு அறுத்தாலும் ஓடுவது அதே பழைய சிப். வீ உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. டிஸ்க் படிக்காமல் குப்பைக்குப் போன வீ ஏராளம் கிடைக்கிறது. உடைந்ததை எடுத்து, அதன் உயிரைக் காப்பாற்றி, வேறு உடம்பில் வைக்கிறார்கள். நான் உயிரை எடுத்துவிட்டு உடம்பை வைத்துக்கொண்டேன்.

2015 நவம்பரில் ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கணினி வந்தது. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், விலை ஐந்து டாலர். அடுத்த வருஷமே ஒருவர் அதைக் கேம் பாய் கூட்டுக்குள் வைத்துக் கட்டிய வீடியோ உலகம் சுற்றியது. நான் அப்போது சென்னையில் பகலில் கடைகளுக்குப் போய் எடை மெஷின், பில்லிங் மெஷின் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். சால்டரிங் கையில் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் எந்த ஐ.சி. கிடைக்கும் என்று தெரியும். அந்த வீடியோவைப் பார்த்த இரவு தூங்கவில்லை.

அந்த வேலையின் சுகத்தை மறைக்க மாட்டேன். கேம் பாயின் முதுகில் ஆறு ஸ்க்ரூ, மூன்று கால் தலை. அதற்கென்று தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். திறந்தால் இரண்டு போர்டு, நடுவில் மெல்லிய ரிப்பன். இரண்டையும் வெளியே எடுத்த பிறகு வெறும் கூட்டை மேசையில் கவ்வி இறுக்கி, பேட்டரி அறையின் சுவர்களையும் உள்ளே நிற்கும் தூண்களையும் சிறிய கிரைண்டரால் அறுக்க வேண்டும். பிளாஸ்டிக் உருகும் வாடை அறை முழுக்க நிற்கும். ஜி.பி. ரோட்டில் கார் ரிவர்ஸ் கேமராவுக்கு விற்கும் திரையை வாங்கிவந்து, 12 வோல்ட்டுக்குச் செய்த அதை 5 வோல்ட்டில் ஓடும்படி மாற்றி, அது உட்காரும் அளவுக்கு முகப்புச் சன்னலை அரத்தால் ராவிப் பெரிதாக்க வேண்டும். கேம் பாயில் ஏ, பி என்று இரண்டு பொத்தான்தான். பிற்காலத்து ஆட்டங்களுக்கு இன்னும் இரண்டு முன்னாலும் இரண்டு முதுகிலும் வேண்டும். முன்பக்கத்தில் துளை போடும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தால்கூடப் பார்க்கிற கண்ணுக்கு உறுத்தும். மஞ்சளடித்த கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பழைய சாம்பல் நிறம் திரும்பும். லித்தியம் பேட்டரி, அதன் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் போர்டு, ஒலிக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், பொத்தான்களிலிருந்து கணினிக்கு மயிரிழைக் கம்பிகள் எல்லாவற்றையும் அடுக்கி மூடி, ஆறு ஸ்க்ரூவும் முழுசாக இறங்கும்போது வரும் நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

அந்த நிறைவுதான் என்னைக் கெடுத்தது. காசு இரண்டாவது.

முதலில் எனக்கென்று ஒன்று செய்தேன். அடுத்து நண்பர்கள் கேட்டார்கள், பிறகு அவர்களுடைய நண்பர்கள். ஐயாயிரம் கேம் உள்ள கேம் பாய் என்று வாய்வழியாகவே பேர் பரவியது. அந்த ஐயாயிரமும் யாருடைய அனுமதியும் வாங்காமல் இறக்கியவை. அதையும் சேர்த்தே விற்றேன். அதுவும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆர்டர் ஏற ஏறக் கூடு கிடைக்கவில்லை. சீனாவிலிருந்து புதுக் கூடு வரும், மலிவுதான். ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒரிஜினல் வேண்டும். அந்தச் சாம்பல், அந்தச் சொரசொரப்பு, திரைக்கு அடியில் அந்தப் பெயர். எனவே பழுது பார்க்க என்று யாராவது கேம் பாய் கொண்டுவந்தால், என் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கூடுதான்.

2018இல் திருச்சியிலிருந்து ஓர் அக்கா வந்தார். பள்ளி ஆசிரியை. சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், யாரோ சொல்லி என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். துணிப்பையிலிருந்து ஒரு டவலைப் பிரித்துக் கேம் பாயை எடுத்து வைத்தார். கூடவே இரண்டு கேசட். டெட்ரிஸ் ஒன்று, சூப்பர் மாரியோ லேண்ட் 2 ஒன்று.

"எங்க அப்பா சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில இருந்தப்ப ஓவர்டைம் காசுல வாங்கிட்டு வந்தது தம்பி. ஆன் ஆகுது, சத்தம் வருது. படத்துலதான் நெட்டுக்குக் கோடு கோடா விட்டுப்போயிருது. பையன் கேக்கிறான். சரி பண்ணித் தர முடியுமா?"

நான் ஆன் செய்து பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. திரையில் மேலிருந்து கீழாகச் சில வரிசைகள் மட்டும் வெறுமையாக இருந்தன. மற்றதெல்லாம் கச்சிதம். கூட்டில் ஒரு கீறல் இல்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது. என் மனசு அங்கேயே முடிவு செய்துவிட்டது.

"போர்டு போயிருச்சுக்கா. இனி இதுக்கு ஸ்பேர் வராது. கூட்டை வச்சுக்கிட்டு உள்ள புதுசா போட்டுத் தரேன். கலர் ஸ்க்ரீன், சார்ஜ் போட்டுக்கலாம், ஆயிரக்கணக்குல கேம் இருக்கும்."

"வேற வழி இல்லையா தம்பி?"

"இல்லக்கா."

இந்த 'இல்லக்கா'வைத்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் வழி இருந்தது. கேம் பாய் வைத்திருக்கும் எவருக்கும் வரக்கூடிய கோளாறு அது. திரைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு மெல்லிய ரிப்பன் ஒட்டியிருக்கும். நெட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. முப்பது வருஷத்தில் அந்தப் பசை விட்டுக்கொடுக்கும்; எந்த இடத்தில் விட்டதோ அந்த வரிசை வெறுமையாகிவிடும். சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. முகப்புப் போர்டை எடுத்து, ரிப்பனை மூடியிருக்கும் துண்டை விலக்கி, கருவியை ஆனில் வைத்தபடியே சால்டரிங் அயர்ன் நுனியைச் சூடு குறைத்து, அழுத்தாமல், அந்த ஓரத்தில் மெதுவாக ஓட்ட வேண்டும். பசை இளகித் திரும்பப் பிடித்துக்கொள்ளும். காணாமல் போன வரிசைகள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே திரும்பி வரும். புதுப் பாகம் எதுவும் வேண்டாம். டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. முந்நூறு ரூபாய் கேட்டிருந்தால் அக்கா சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

முந்நூறா பன்னிரண்டாயிரமா என்று நான் கணக்குப் போட்டேனா? போட்டேன். ஆனால் அதைவிட வலுவாக இன்னொன்று உள்ளே இருந்தது. ரிப்பனைச் சூடாக்கிக் கொடுத்தால் அது அக்காவின் கேம் பாயாகவே இருக்கும். என் கை அதில் தெரியாது. மாற்றிக் கட்டினால் பார்க்கிறவர் எல்லாம் யார் செய்தது என்று கேட்பார்கள். பழுது பார்க்கிறவனை யாரும் கலைஞன் என்று சொல்வதில்லை. எனக்குக் கலைஞன் என்ற பேர் வேண்டியிருந்தது. அதற்கு யாருடைய பொருளோ விலையாகப் போவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கேசட்டையும் விடவில்லை. இந்த வேலையில் ஓர் அழகு உண்டு: மெமரி கார்டைக் கேசட் கூட்டுக்குள் வைத்து, பழையபடி முதுகில் சொருகினால் ஓடுகிற மாதிரி செய்வது. அதற்கு ஒரு கேசட்டின் உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். மாரியோ கேசட்டின் ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்ததால் அதை எடுத்தேன். உள்ளே சின்னப் போர்டு, அதில் பொத்தான் பேட்டரி ஒன்று. ஆடியதைச் சேமித்து வைக்கும் நினைவகம் அந்தப் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கிறது. கசிந்து மற்றதைக் கெடுக்கும் என்று பேட்டரியைப் பிடுங்கிப் போட்டேன். அதில் ஏதாவது சேமித்திருக்கிறதா என்று ஒரு தடவை சொருகிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அக்காவுக்குக் கொரியரில் அனுப்பினேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது என்று போனில் சொன்னார். சில வாரம் கழித்துத் திரும்ப அழைத்தார். குரலில் புகார் இல்லை, குழப்பம்தான்.

"தம்பி, இந்த டெட்ரிஸ் கேசட்டைப் போட்டா ஒண்ணும் வரலையே. அப்பா அதைத்தான் கேக்கிறாரு. ஆன் பண்ணினா எழுத்து எழுத்தா ஓடுது, ரொம்ப நேரம் கழிச்சு என்னமோ லிஸ்ட் வருது. அவருக்கு ஒண்ணும் புரியல."

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது அந்த ரொம்ப நேரம்தான். அசல் கேம் பாயில் ஸ்விட்சைத் தள்ளிய மறுகணமே பெயர் மேலிருந்து இறங்கி நடுவில் நிற்கும், டிங் என்று ஒலிக்கும், ஆட்டம் தொடங்கும். அதைச் செய்யும் நிரல் வெறும் 256 பைட். கேசட் இல்லாமல் ஆன் செய்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இறங்கும். அதைப் பார்த்துக் குழந்தைகூடக் கேசட்டைச் சரியாகச் சொருகும். நான் வைத்த கணினிக்கு முழு இயங்குதளமும் எழுந்து வர வேண்டும். அதன் பிறகு பல்லாயிரம் பெயர் உள்ள பட்டியலில் தேட வேண்டும். கப்பல் பட்டறையில் உழைத்துவிட்டு வந்து ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பழகிய பெரியவருக்கு இதைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"பழைய கேசட் இனிமே ஓடாதுக்கா. லிஸ்ட்லயே டெட்ரிஸ் இருக்கும், தேடிப் பாருங்க" என்றேன். இரண்டாவது பொய் இல்லை இது, உண்மைதான். ஆனால் ஏன் ஓடாது என்பதை அப்போதும் சொல்லவில்லை.

உருவிய போர்டுகளை நான் தூக்கிப் போட்டதில்லை. பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். எதற்கு வைத்திருக்கிறோம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதும் இல்லை. உண்மையிலேயே செத்த பொருளை யாராவது அப்படி வைத்திருப்பார்களா? அக்கா பேசிய அன்று இரவு டப்பாவைத் திறந்தேன். அவருடையது மேலாகவே இருந்தது. திரைப் போர்டையும் ரிப்பன் போட்டு இணைத்து, ஆறு வோல்ட் கொடுத்து, கையிலிருந்த வேறொரு கேசட்டைச் சொருகினேன். டிங் என்றது. கோடுகள் அப்படியே இருந்தன. அயர்னை எடுத்து ஓரத்தில் ஓட்டினேன். ஒவ்வொரு வரிசையாகத் திரும்பி வந்தது.

அதன் பிறகு டப்பாவில் இருந்த மற்றவற்றையும் சோதித்தேன். சிலதில் பேட்டரி கசிந்து அரித்த தடம், வினிகர் வைத்துத் துடைத்தால் போகும். சிலதில் ஸ்விட்சில் அழுக்கு, ஆல்கஹால் ஒரு சொட்டு போதும். இரண்டு மூன்றில் ஸ்பீக்கர் மட்டும் போயிருந்தது. மீட்க முடியாத அளவுக்கு இற்றுப்போனதும் இருந்தது. ஆனால் அது டப்பாவில் சிறுபான்மை.

புதுக் கூடு ஒன்று வாங்கி, அக்காவின் இரண்டு போர்டையும் அதில் வைத்துக் கட்டினேன். அவருடைய சொந்தக் கூட்டில் திரும்ப வைக்க வழியில்லை. பேட்டரி அறையும் தூண்களும் போய்விட்டன, சன்னல் பெரிதாகிவிட்டது, முகப்பில் நான் போட்ட இரண்டு ஓட்டை. ரயிலேறித் திருச்சிக்குப் போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னால் அதுவும் பாதிதான் என்று தோன்றியது.

கூடத்தில் அவரும் அவருடைய அப்பாவும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா அப்படியே வாங்கிட்டுப் போயிருப்பேனே தம்பி. உங்களை நம்பித்தானே கேட்டேன், வேற வழி இல்லையான்னு" என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாரியோல நான் அஞ்சு காசு எடுத்து வச்சிருந்தேன். ஆறாவது மட்டும் பாக்கி. காலேஜ் சேந்ததும் அப்படியே விட்டுட்டேன். அது இருக்கா?"

அந்த ஆட்டத்தில் மொத்தம் ஆறு பொற்காசுகள். ஆறையும் சேர்த்தால்தான் கடைசிக் கோட்டைக் கதவு திறக்கும். பேட்டரியைப் பிடுங்கியது நான்தான் என்று சொன்னேன். அது அதற்கு முன்பே தீர்ந்து போயிருக்கவும் கூடும். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை. சோதித்துப் பார்க்காதவன் நான்.

பெரியவர் டெட்ரிஸ் கேசட்டை வாங்கிச் சொருகி ஆன் செய்தார். ஆடத் தொடங்கினார். ஆடிக்கொண்டே, "இத்தனை நாள் இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். "எங்க வீட்டுல, ஒரு டப்பாவுல" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டாயிரத்தைக் கொடுத்தேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார். அதுதான் நியாயம். அதற்குப் பிறகு அவர் என்னை அழைத்ததில்லை.

அவருக்காவது போய்ச் சொல்ல முடிந்தது. மற்றவர்களுக்கு முடியாது. கேம் பாயின் சீரியல் நம்பர் கூட்டின் முதுகில்தான் இருக்கிறது, போர்டில் கிடையாது. எந்தப் போர்டு யாருடையது என்று டப்பாவைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை. நோட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. போன் மாற்றியபோது நம்பர்கள் போயின. கூடுகள் எங்கெங்கோ ஊர்களில் இருக்கின்றன. உயிர்கள் என் அலமாரியில் இருக்கின்றன.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஆறுதல் சொன்னார்கள். பரணில் தூசி தின்றுகொண்டிருந்ததை எடுத்துப் பையன்கள் கையில் கொடுத்திருக்கிறாய், இதில் என்ன பாவம் என்றார்கள். கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்த்து உலகத்தில் 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது, நீ கெடுத்த சிலதால் என்ன குறைந்துவிடும் என்றும் சொன்னார்கள். உலகத்துக்குக் குறையாது. திருச்சியில் ஒரு வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. கேட்டுக்கொண்டு வந்தவரிடம் உண்மையைச் சொல்லி, இரண்டு வழியையும் முன்னால் வைத்து, அவராகவே கலர் திரைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் என்மேல் குற்றம் இல்லை. கூட்டை அறுப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அதை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இந்த வேலை செய்கிறேன். விட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கை நிற்கவில்லை. செய்யும் விதம் மாறியிருக்கிறது. அசல் போர்டு ஓடுகிறதென்றால் அதை வெளியே எடுப்பதில்லை. அதே போர்டோடு சேரும் பின்விளக்குத் திரைகள் இப்போது கிடைக்கின்றன. இருட்டிலும் தெரியும், அசல் கேசட்டும் ஓடும், வேண்டாம் என்றால் பழைய திரையைத் திரும்ப மாட்டிவிடலாம். சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் அப்படித்தான். அரமோ கிரைண்டரோ தேவைப்படுகிற வேலைக்குப் புதுக் கூடுதான். அசல் கேசட்டைச் சொருகி ஆடும் புதுக் கருவி வேண்டும் என்கிறவர்களுக்கு, 2021 டிசம்பரில் வந்த அனலாக் பாக்கெட் மாதிரியானவை இருக்கின்றன என்று சொல்லி அனுப்புகிறேன். பழைய சிப்பின் நடத்தையையே வன்பொருளில் திரும்பக் கட்டியவை அவை. அவற்றுக்காக ஒரு பழைய கருவியும் சாக வேண்டியதில்லை.

2017இலிருந்து 2019க்குள் சென்னையில் ஒருவரிடம் பழுது பார்க்கக் கேம் பாய் கொடுத்து, போர்டு போய்விட்டது என்று கேட்டு, உள்ளே வேறொன்று வைத்து வாங்கிக்கொண்டவர் நீங்கள் என்றால், உங்களுக்கு அதைச் செய்தவன் நானாக இருக்கலாம். உங்கள் போர்டு பத்திரமாக இருக்கிறது, பெரும்பாலும் ஓடுகிறது. வந்து கேளுங்கள், எது உங்களுடையது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஓடுகிற ஒன்றைக் கூட்டோடு தருவேன், காசையும் தருவேன். மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். பழைய கருவி எதையாவது யாரிடமாவது மாற்றிக் கட்டக் கொடுத்தால், உங்கள் கண்முன்னால் அதை ஆன் செய்யச் சொல்லுங்கள். என்ன கோளாறு என்று காட்டச் சொல்லுங்கள். கழற்றிய போர்டையும் கேசட்டையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், செத்துப்போச்சு என்று அவர் சொன்னாலும்.